‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ – சரி, போனவர்களுக்கு?

நேற்று ராத்திரி பத்தரை மணிக்குப் போன் அலறியது. 2023இல் ஒருநாள் சோதனைக்காக எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் அலறியதே, அதே சத்தம். கனமழை, பலத்த காற்று, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் கவனம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். படித்துவிட்டு மாடியில் கிடந்த துணியை எடுத்தேன், பைக்கைத் திண்ணையில் ஏற்றினேன், மோட்டாரைப் போட்டு டேங்க்கை நிரப்பினேன். என்னுடைய பேரிடர் மேலாண்மை அவ்வளவுதான்.

படுத்த பிறகு அந்தக் கடைசி வரி உறுத்திக்கொண்டே இருந்தது. ‘செல்ல வேண்டாம்’ என்பது வீட்டில் இருப்பவனிடம் சொல்கிற சொல். போன வாரமே போய்விட்டவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

நான் குமரி மாவட்டத்துக்காரன். எங்கள் வீடு கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே, மார்த்தாண்டம் பக்கம். 2017 நவம்பர் 30 காலையில் ஒக்கிப் புயல் எங்களைத் தாண்டிப் போனது. சரியாகச் சொன்னால் கரையேறவே இல்லை, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலோடு உரசிக்கொண்டே மேற்கே போனது. உரசலுக்கே எங்கள் நாற்பது மூடு ரப்பர் மரத்தில் முப்பத்தொன்று சாய்ந்தது. அடுத்த வீட்டுத் தென்னை எங்கள் கிணற்றுக்குக் குறுக்கே பாலம் மாதிரி கிடந்தது. ஒன்பது நாள் கரண்ட் இல்லை. குளிக்கப் போகிற வழியில் ஒரு மின்கம்பம் கம்பிகளோடு படுத்திருந்தது. உயிர் இல்லாத கம்பிதான் என்று தெரிந்தும் ஒன்பது நாளும் அதைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினேன்.

அந்த ஒன்பது நாளும் உலகத்திலேயே பெரிய கஷ்டம் எங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, கடற்கரை ஊர்களான தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் நீரோடியிலும் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. டிசம்பர் 7ஆம் தேதி, கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் பாதிப் பேருக்கு உறைத்தது.

அந்த ஊர்க்காரர்கள் காலையில் போய் மத்தியானம் திரும்புகிற ஆட்கள் இல்லை. ஆழ்கடல் தூண்டில்காரர்கள், சுறாவுக்குப் பேர்போனவர்கள். ஒரு தடவை போனால் பத்து நாள், இருபது நாள், சில சமயம் ஒரு மாதத்துக்கு மேல். லட்சத்தீவு தாண்டிப் போவார்கள், குஜராத் பக்கம் போவார்கள். ஒக்கி உருவானபோது பல படகுகள் கிளம்பி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. நவம்பர் 29ஆம் தேதி அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி காலையில் புயல். இடையில் ஒரே ஒரு நாள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்களுடைய படகு மணிக்கு ஏழெட்டு கடல்மைல் போகும். 200 கடல்மைல் தள்ளி நிற்கிற படகு கரைக்கு வர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும், அதுவும் கடல் ஒழுங்காக இருந்தால். தாழ்வு மண்டலம் என்று பெயர் வைத்த அதே நிமிடத்தில் படகில் இருந்தவனுக்குச் செய்தி போயிருந்தாலும் அவன் கரைக்கு வந்திருக்க முடியாது. செய்தியும் போகவில்லை. செல்போன் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும், சாதாரண வயர்லெஸ்ஸும் சில பத்துக் கடல்மைலுக்கு மேல் எட்டாது.

‘எச்சரிக்கை கொடுத்தும் போனார்கள், பேராசை’ என்று அப்போது இதே முகநூலில் எழுதினவர்கள் உண்டு. என் நண்பர் பட்டியலிலேயே இருந்தார்கள். டீசல், ஐஸ், அரிசி, மளிகை என்று ஒரு ஆழ்கடல் பயணத்துக்கு லட்சக்கணக்கில் செலவு, பெரும்பாலும் கடன். ஒவ்வொரு மஞ்சள் எச்சரிக்கைக்கும் வெறும் படகோடு திரும்பினால் கடன்காரன் வானிலை அறிக்கையைப் பார்த்து வட்டியைத் தள்ளுபடி செய்வானா? அது ஒருபுறம் இருக்கட்டும். ஒக்கி நேரத்தில் அவர்கள் எச்சரிக்கையை மீறிப் போகவில்லை, எச்சரிக்கைக்கு முன்னாலேயே போனவர்கள். இந்தச் சின்ன வித்தியாசம் கரையில் உட்கார்ந்திருக்கிற நமக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தன் அந்தக் கரைக்காரன். படிப்பை முடித்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கே போனவன். ஒக்கி சமயத்தில் அவன் ஊரில் இருந்தான், அவனுடைய மச்சான் கடலில். மச்சான் பிழைத்து வந்தது பெரிய கதை. அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று. பெரிய அலையைக் கண்டு அவர்கள் பயப்படவில்லையாம். அலைக்கு நேரே படகின் மூக்கைக் கொடுத்து, இன்ஜினைக் குறையாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரமானாலும் தாக்குப்பிடிக்கலாம். பயம் எல்லாம் காற்று திசை மாறினபோதுதான். ஒரு பக்கத்து அலை அடங்கும் முன்னால் இன்னொரு பக்கத்திலிருந்து அலை. மூக்கை எங்கே திருப்ப? அந்த நேரத்தில் இன்ஜின் நின்றால் படகு குறுக்கே விழும், குறுக்கே விழுந்தால் முடிந்தது.

“மக்கா, காத்தப் பத்தி எங்களுக்கு ஒருத்தரும் பாடம் எடுக்க வேண்டாம்” என்றான் நண்பன். “புயல் எங்க இருந்து எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. எந்தப் பக்கம் ஓடணும்னு நாங்க பாத்துக்கிடுவோம்.”

பேரிடர் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான கோரிக்கை இதுதான். ஒக்கியில் பிழைத்த பலர் கரைக்கு வந்து பிழைக்கவில்லை, சரியான பக்கம் ஓடிப் பிழைத்தார்கள். மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் 68 படகுகள் போய் ஒதுங்கின, 952 பேர். இங்கே சொந்தக்காரர்கள் அவர்களுக்காக அழுதுகொண்டிருந்தபோது அவர்கள் வேற்று மாநிலத்தில் உயிரோடு இருந்தார்கள். போன இடம் தெரிந்ததே தவிர, எவன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல ஆள் இல்லை.

‘வேண்டாம்’ என்கிற ஒற்றைச் சொல் எல்லாப் பேரிடருக்கும் பொருந்தாது என்பதற்கு ஆழிப்பேரலையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் கடலடி நிலம் பிளந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆழ்கடலில் அந்த அலை ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது, விமான வேகத்தில் படகுக்கு அடியில் போய்விடும். அன்றைக்கு ஆழத்தில் தொழில் செய்துகொண்டிருந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, திரும்பி வந்து பார்த்தால் தெருவைக் காணோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. புயலுக்குக் கடலை விட்டு ஓட வேண்டும், சுனாமிக்குக் கடலில் இருப்பவன் இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல் வந்தது. அதற்கு முன்னால் அந்த இரண்டு மணி நேரம் நம்மிடம் சும்மா கிடந்தது.

கள்ளக்கடல் கதை இன்னொரு மாதிரி. எங்கள் பக்கத்துக் கடல்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த சொல், இப்போது அரசு அறிக்கையிலேயே வருகிறது. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிந்து கிடக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே என்றைக்கோ அடித்த புயலின் அலை சத்தமில்லாமல் வந்து கரையில் ஏறும், திருடன் மாதிரி. 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருந்த நாட்கள் அவை. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடல் பார்க்கப் போன பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்காது.

நிலத்தில் நாம் கொஞ்சம் தேறிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, முன்கூட்டியே பல்லாயிரம் பேரை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அப்படியும் உயிர்ச்சேதம் இருந்தது, ஆனால் அந்த வேகத்துக்கு நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. கஜா வேறு விதமாகக் கொன்றது. பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு தோப்பு முழுக்க ஒரே திசையில் தலைசாய்த்துப் படுத்திருந்ததைப் பார்த்தால் வாய் பேச வராது. வாழை விழுந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தென்னை விழுந்தால் புதுக்கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷம், அதுவரை அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு, பெண்ணின் கல்யாணம் எல்லாம் அந்தக் கன்றோடு சேர்ந்து வளர வேண்டும்.

ஆனாலும் நிலத்தில் விழுந்ததை எண்ணலாம். எங்கள் ரப்பரை எண்ண விஏஓ வந்தார். நோட்டுப் புத்தகம், பேனா, கூடவே ஒரு தலையாரி. ஒவ்வொரு மூட்டிலும் காலை வைத்து, “இது பழசு, இது ஒக்கிக்கு முன்னாலேயே விழுந்தது” என்று எங்கள் அப்பாவோடு சண்டை போட்டு, கடைசியில் இருபத்தேழு என்று எழுதினார். அப்பா நாலு மூட்டுக்காக ஒரு வாரம் புலம்பினார்.

அதே வாரத்தில் நண்பன் ஊருக்குப் போனேன். கோயில் முன்னால் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள், வரிசை வரிசையாகக் காணாமல் போனவர்களின் படம். பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கு நடுவே கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்ததும் இருந்தது. ஒரு படத்தில் அவன் தோளில் மனைவியின் கைவிரல் நாலு மட்டும் மிச்சம் இருந்தது. அங்கே எண்ண எந்த விஏஓவாலும் முடியாது. உடல் இருந்தால்தானே எண்ணலாம்? சில உடல்கள் கேரளக் கரையில் ஒதுங்கி, சவக்கிடங்கில் டிஎன்ஏ சோதனைக்காகக் கிடந்தன. இரண்டு மாநிலங்களிலுமாக இறந்தவர்களும் திரும்பாதவர்களும் இருநூறுக்கும் மேல், அதில் பெரும்பாலானோர் ‘காணாமல் போனோர்’. காணாமல் போனவனை இறந்தவனாகச் சட்டம் ஏற்க ஏழு வருஷம் வேண்டும். ஒக்கிக்கு அவ்வளவு காக்க வைக்கவில்லை, 20 லட்சம் நிவாரணமும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் கையில் காசு வந்த பிறகும் தாலியைக் கழற்றாத பெண்கள் அந்த ஊரில் இருந்தார்கள். எந்த நாளை நினைவு நாளாக வைப்பது என்பதே பல வீட்டில் தகராறு.

கடலுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்றும் சொல்ல மாட்டேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. செத்த 70 பேரும் பெரும்பாலும் கயத்தாறு பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் போன நம் ஆட்கள். செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மலைமேல் இருந்தாலும் அவர்கள் இருந்ததும் ஆழ்கடலில்தான். அவர்களிலும் சிலர் உடல் கிடைக்கவில்லை.

ஒக்கிக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்குகிற ஜெமினி கருவியை 2019இல் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அது கேட்கும், பேசாது. படகிலிருந்து ‘நான் இங்கே இருக்கிறேன், இன்ஜின் போச்சு’ என்று அதில் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் செய்தி போகிற டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கியது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற வழக்கம் கல்கத்தாத் துறைமுகத்தில் தொடங்கியது 1865இல். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு எச்சரிக்கை சொல்லத் தெரிந்துகொண்ட நாம், கண்ணுக்குத் தெரியாத படகிலிருந்து பதில் வாங்குவதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் எடுத்திருக்கிறோம். டிவியில் இன்றைக்கும் ‘மூன்றாம் எண் கூண்டு ஏற்றம்’ என்று ஓடும்போது நான் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தூக்கம் வராமல் ராத்திரியே நண்பனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. காலையில் அவன் வீட்டுக்குப் பேசினேன். போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறதாம், லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள் என்றாள் அவன் மனைவி. பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

“அண்ணே, போட்டுல பெட்டி வச்சிருக்கு. மெசேஜ் அதுல போயிருக்கும்லா?”

போயிருக்கும் என்றேன்.

“அவிய திருப்பி அனுப்பினா இங்க வருமா?”

அது எந்தப் பெட்டி, பழசா புதுசா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கறுப்பா ஒண்ணு, மேல ஏரியல் மாதிரி இருக்கும் என்றாள்.