உங்கள் ஒட்டகக் கட்டுரையில் போடில் ஷ்மிட்-நீல்சனை ஏன் விட்டுவிட்டீர்கள்?
பாலைவனத்தில் ஒட்டகம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற ஆய்வு முழுக்க உடலியங்கியல் ஆய்வாளர் க்னுட் ஷ்மிட்-நீல்சன் ஒருவரின் சாதனை என்பது போலக் கட்டுரை போகிறது, அதுதான் இடிக்கிறது. 1950களில் சகாராவுக்குப் போனபோது மனைவி போடிலும் கூடவே போனார், அவரும் உடலியங்கியல் ஆய்வாளர்தான். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரி பக்கம் இறங்கி, பிற்பகலில் 40ஐத் தாண்டும், அதைக் குறைக்க வியர்த்துத் தண்ணீரை வீணாக்காமல் அந்தச் சூட்டை ராத்திரி குளிரில் விட்டுவிடும் என்று அளந்து காட்டிய குழுவில் போடிலுக்கும் பங்குண்டு. அப்புறம் சிறுநீரகம் யூரியா என்ற உடல் கழிவைக் கையாளும் விதத்தில் தனியாகவே பெயர் வாங்கி, 1975ல் அமெரிக்க உடலியங்கியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார், இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? மேலே கருத்துப் பகுதியில் ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதிய நண்பருக்கு: அங்கே இருப்பது கொழுப்பு.