காற்றின் மேல் பழி

(தங்கச்சிமடம். மே மாத மதியம். வேப்பமரத்தடியில் காதரின் பட்டறை. மீன் ஏற்றும் பழைய வேனை நிறுத்திவிட்டு அந்தோணி இறங்குகிறார். இடது பின்சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக ஈரம்.)

அந்தோணி: காதர் அண்ணே, இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் கழுவிவிடுங்கள். மீன் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

காதர்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. உன் பெட்டியெல்லாம் காய்ந்து கிடக்கிறது. எந்த மீனின் தண்ணீர்?

அந்தோணி: மார்ச் மாதத்து மீனாக இருக்கும்.

காதர்: (விரலால் தொட்டு முகர்ந்து) மீன் நாற்றம் எனக்குத் தெரியாதா? இது கந்தக வாடை. கொழகொழவென்று இழுக்கிறது பார். பிரேக் ஆயில் இத்தனை கெட்டியாக இருக்காது. டப்பாவிலும் அளவு குறையவில்லை. இது கிரௌன் ஆயில், பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரங்களுக்கு ஊற்றுவது. ஆக்சிலில் சீல் போய்விட்டது.

அந்தோணி: தடைக்காலத்தில் சீலா ஏது அண்ணே?

காதர்: சீலா மீனைச் சொல்லவில்லையப்பா, ரப்பர் சீல்! ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். சரி, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா?

அந்தோணி: பாம்பன் பாலத்தில் மண்டபம் பக்கம் இறங்கும்போது வலது பக்கம் இழுக்கிறது. அது சோழகக் காற்று அண்ணே. தெற்கிலிருந்து அடித்தால் வண்டி வடக்கே ஒதுங்கத்தானே செய்யும்?

காதர்: திரும்பி வரும்போது?

அந்தோணி: அப்போதும் வலது பக்கம்தான்.

காதர்: அதாவது நீ மண்டபத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்வரை காத்திருந்து, காற்றும் உன்னோடு திசை மாறி வந்தது?

அந்தோணி: (யோசித்து) கடற்காற்றை நம்ப முடியாது அண்ணே.

(காதர் ஜாக்கி வைக்கிறார். முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, கைபிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கழற்றுகிறார். பிரேக் டிரம் உப்புத் துருவில் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. அதிலுள்ள இரண்டு துளைகளில் போல்ட்டை முறுக்கியதும் முனகிக்கொண்டே வெளியே வருகிறது.)

காதர்: பார்த்துக்கொள். பிரேக் லைனிங் முழுக்க ஆயில் குடித்திருக்கிறது. இடது பக்கம் பிடிக்காமல் வலது பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி எங்கே போகும்?

அந்தோணி: பெட்ரோல் ஊற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டிவிடலாமே? நல்ல வெயில்.

காதர்: லைனிங் என்ன கருவாடா, வெயிலில் காயவைக்க? மேலே காய்ந்துவிடும், சூடேறினால் உள்ளே போனது மறுபடி கசியும். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

(பின்தகட்டின் நட்டுகளைக் கழற்றுகிறார். டிரம்மைத் திருப்பி மாட்டி, சக்கர நட்டுகளைத் தளர்வாக விட்டு, அதையே பிடித்து இரண்டு உதறு உதறுகிறார். ஆக்சில் பேரிங்கோடு வெளியே வருகிறது. உள்ளிருந்த சீலை நெம்பி எடுக்கிறார்.)

காதர்: இதன் உதட்டை அழுத்திப் பார். நகம் பதிகிறதா? கட்டையாகிவிட்டது. ஆக்சிலில் சீல் உரசும் இடத்தையும் தடவு.

அந்தோணி: வழவழப்பாக இருக்கிறது.

காதர்: நல்லவேளை. பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகியிருக்கும்.

(புதுச் சீலின் உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கத்தை உள்ளே ஆயில் இருக்கும் பக்கமாக வைத்து, மரக்கட்டையால் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குகிறார். பிறகு வண்டிக்கு அடியில் படுக்கிறார். சிறிது நேரம் சத்தமில்லை.)

காதர்: அந்தோணி.

அந்தோணி: அண்ணே?

காதர்: ஆக்சிலை மூடியிருக்கும் கூடு, அந்த ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்று சின்ன மூடி இருக்கும். அதை யார் பசை வைத்து அடைத்தது?

அந்தோணி: (பெருமையாக) நான்தான். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் இறக்கினேனே, அப்போது. ஹவுசிங்கில் உப்புத் தண்ணீர் போனால் பேரிங் போய்விடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!

காதர்: தண்ணீரில் வண்டியை இறக்காதே என்றேன். மூச்சை அடைக்கச் சொன்னேனா? ஓடும்போது ஆயில் சூடாகும், உள்ளே காற்று விரியும். அது வெளியேறும் வழியை நீ அடைத்துவிட்டாய். கட்டையாகிப்போன உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயில் வேறு எங்கே வரும்? இதை விட்டிருந்தால் நான் மாட்டிய புதுச் சீலும் போயிருக்கும், நீயும் ‘காதர் வேலை சரியில்லை’ என்று கடற்கரை முழுக்கச் சொல்லியிருப்பாய்.

அந்தோணி: சேச்சே, கடற்கரை முழுக்கச் சொல்ல மாட்டேன். பாம்பன் வரைக்கும்தான்.

காதர்: வலது பக்கச் சீலையும் மாற்றுகிறேன்.

அந்தோணி: அது ஒழுகவில்லையே!

காதர்: அதே வயது, அதே அழுத்தம். அது இன்னும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தோணி: சரி, மாற்றுங்கள். ஆயிலும் ஊற்றுங்கள். கணக்கை ஜூன் 15-ஆம் தேதி வைத்துக்கொள்ளலாம்.

காதர்: தாராளமாக. சாவியும் ஜூன் 15-ஆம் தேதி வரை என்னிடமே இருக்கட்டும்.

அந்தோணி: அதுவரை நான் மண்டபத்துக்கு எப்படிப் போவது?

காதர்: பாலத்தில் நடந்து போ. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சரியாகப் பார்த்து வந்து சொல்.