ட்ரெய்ட் எத்தனை எரியுதுன்னு பாக்காதீங்க, முன்வரிசை எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாருங்க

டீம்ஃபைட் டாக்டிக்ஸ் (சுருக்கமா டிஎஃப்டி), அதாவது ஆளுங்களை வாங்கி போர்டுல அடுக்கி வெச்சா அவங்களே சண்டை போட்டுக்கற கேம், அதைப் புதுசா ஆட ஆரம்பிச்ச யார்கிட்ட பேசினாலும் முதல் கேள்வி "இந்த பேட்ச்ல எந்த காம்ப் ஸ்ட்ராங்?" அப்படிங்கிறதுதான், அதாவது இப்போதைய அப்டேட்ல எந்த டீம் அமைப்பு பலம்னு. கேக்கறது தப்பில்ல, ஆனா அந்தப் பதிலை மனப்பாடம் பண்ணிட்டு உள்ள போனா எத்தனை கேம் ஆடினாலும் ஏழாவது எட்டாவதுதான் வரும்னு உறுதியா நம்புறேன். 2019 ஜனவரியில இதே மாதிரி ஆடற டோட்டா ஆட்டோ செஸ் மோட் வந்துச்சு, அதே வருஷம் ஜூன்ல டிஎஃப்டி வந்துச்சு, அதுக்கப்புறம் எத்தனையோ செட் (ஆளுங்களோட தொகுப்பு) மாறிடுச்சு, சாம்பியன், ட்ரெய்ட் (ஒரே குழு ஆளுங்க சேர்ந்தா எரியற போனஸ்) எல்லாமே மாறிடுச்சு, ஆனா சண்டையோட கணக்கு மட்டும் மாறவே இல்ல. முன்னாடி நிக்கிறவன் அடியைத் தாங்கணும், அவன் விழுறதுக்குள்ள பின்னாடி இருக்கிற கேரி (டீமோட முக்கியமான அடிக்கற ஆள்) எதிராளி டீமை முடிச்சாகணும்.

போன வாரம் ஒரு கேம். லெவல் 8, போர்டுல எட்டு பேர், ஒரே ட்ரெய்ட்ல ஆறு பேர் சேர்த்து பக்கத்துல ஐகான் பளிச்சுனு எரியுது. ஆனா அந்த ஆறுல நாலு பேர் ஒன் ஸ்டார் (ஒரே காப்பி; மூணு காப்பி சேர்ந்தாதான் டூ ஸ்டார்), சும்மா எண்ணிக்கைக்கு நிக்கிறவங்க. எதிராளிக்கு ரெண்டே ரெண்டு சின்ன ட்ரெய்ட், ஆனா அடி தாங்கற டூ ஸ்டார் டேங்க் ஒண்ணு மூணு டிஃபென்ஸ் ஐட்டத்தோட நடுவுல நிக்குது. என் முன்வரிசை கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காலி, என் கேரி ரெண்டாவது ஸ்கில் போடறதுக்கு முன்னாடியே போயிட்டான், எதிராளியோட டேங்க் பாதி உயிரோட நிக்குது. கேம்ல என்னோட உயிர் 22க்கு இறங்கிடுச்சு. அடுத்த ரவுண்டுல ரெண்டு பேரை வித்துட்டு பெஞ்ச்ல (போர்டுக்கு வெளிய) ஜோடியா வெச்சிருந்த டேங்கை மூணாவது காப்பி வாங்கி டூ ஸ்டார் ஆக்கி, கூடவே இன்னொரு நல்ல டேங்கையும் இறக்கினேன். ஆறு எரிஞ்சது நாலா குறைஞ்சுச்சு. ஆனா அதே கேரி, அதே ஐட்டம், இப்ப நாலு தடவை ஸ்கில் போடறான்! டூ ஸ்டார் ஆனாலே அந்த ஆளோட உயிர் 1.8 மடங்கு ஆயிடும், அதை விட்டுட்டு ஒரு ஐகான் கலர் மாறணும்னு ரெண்டு இடத்தை வீணாக்கியிருந்தேன்.

கேரி விஷயத்துல நான் சொல்றது, ஆளைப் பாத்து ஐட்டம் தேடாதீங்க, ஐட்டத்தைப் பாத்து ஆளைத் தேடுங்க. ஆரம்பத்துல ஐட்டம் செய்யற பாகங்கள் வாளும் வில்லுமா விழுதுன்னா அது அடிச்சு ஆடற கேரிக்கான கேம், கோலும் கண்ணீர்த்துளியுமா விழுதுன்னா மேஜிக் கேரி. வந்த கத்தியை எல்லாம் பெஞ்ச்ல போட்டு வெச்சுட்டு "எனக்கு கோல்தான் வேணும்"னு காத்திருந்து ஸ்டேஜ் 3 வரைக்கும் தோத்தவங்களை நிறைய பாத்திருக்கேன். ஐட்டம் வந்த உடனே செஞ்சு, அதே மாதிரி சண்டை போடற சின்ன விலை யூனிட்டுக்கு மாட்டுங்க, பெரிய கேரி கிடைச்சதும் சின்னவனை வித்தா ஐட்டம் முழுசா திரும்பி வந்துடும். வித்தவன் இடத்துல பெரியவன், ஐட்டம் கைமாறிடுச்சு, உயிரும் மிச்சம். ஒரு ஆளுக்கு மூணு ஐட்டம்தான் மாட்ட முடியும்ங்கறதால எல்லாருக்கும் ஒண்ணொண்ணு பிரிச்சுக் கொடுக்கறது மகா தப்பு. கேரிக்கு மூணு, மெயின் டேங்குக்கு மூணு, மிச்சம் வந்தா மத்தவங்களுக்கு. எதிராளி டீம்ல ஹீலிங் ஜாஸ்தின்னா அந்த ஹீலிங்கைக் குறைக்கற சன்ஃபயர் கேப் ஒண்ணு டேங்க் மேல கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா நீங்க அடிக்க அடிக்க அவன் நிரப்பிட்டே இருப்பான்.

காசு பத்தி நீட்டி முழக்க ஒண்ணும் இல்ல, 10 கோல்டுக்கு 1 வட்டி, 50 இருந்தா 5, அதுக்கு மேல வட்டி கிடையாது. உயிர் நல்லா இருக்கும்போது 50ஐ உடைக்காதீங்க, உயிர் போகுதுன்னா தயங்காம உடைங்க.

இதைவிட முக்கியமா நான் நினைக்கிறது அடுத்தவன் போர்டைப் பாக்கறது. லாபில இருக்கிற எட்டு பேரும் ஒரே குவியல்ல இருந்துதான் யூனிட் எடுக்கறோம், அதுல ஒருத்தன் த்ரீ ஸ்டார் ஆக்கிட்டான்னா ஒன்பது காப்பி போச்சு. உங்க கேரியையே இன்னும் ரெண்டு பேர் தேடறாங்கன்னா ரோலுக்கு (கடையில புது ஆளுங்களை வரவழைக்க) 2 கோல்டு வீதம் கொட்டிட்டே இருந்தாலும் கடையில முகம் காட்டாது, நமக்கு ராசியில்லன்னு நினைச்சுக்குவோம், உண்மையில அவன் பெஞ்ச்லதான் நம்ம ஆள் உக்காந்திருப்பான். அதனால பெருசா ரோல் போடறதுக்கு முன்னாடி ஏழு போர்டையும் ஒரு தடவை சுத்திப் பாருங்க, பத்து செகண்ட் வேலை. அதே ஸ்டைல்ல வேற கேரி இருந்தா மாறிடுங்க, ஐட்டம் பொருந்தினா போதும்.

அந்த கேம்ல கடைசி மூணு பேர் இருக்கும்போதும் இதைத்தான் பண்ணேன். எதிராளி கேரி எந்த மூலையில நிக்கிறான்னு பாத்து, ரவுண்ட் ஆரம்பிக்கற கடைசி செகண்ட்ல என் டேங்கையும் கேரியையும் இடம் மாத்தி வெச்சேன், அவன் அடி முழுக்க டேங்க் மேலயே விழுந்துச்சு, நான் அந்த ரவுண்டைத் தாண்டி ரெண்டாவதா முடிச்சேன், நாலே பேர் எரிஞ்ச அந்த ட்ரெய்டோட.