கூட என்ன குடுத்தான்?

அப்பா: இந்தா பாப்பா, நீ போன்ல கேட்ட சல்பேட்டு. ரெண்டு கிலோ போதும்ல? ஃப்ரீயெல்லாம் கிடையாதாம். கேட்டதுக்கு உரக்கடைக்காரன் என்னை ஏற எறங்கப் பாத்தான்.

மகள்: என்னப்பா இது, கல்லுப்பு மாதிரி?

அப்பா: அம்மோனியம் சல்பேட். மன்னார்குடி போறப்ப சல்பேட் ஃப்ரீ ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு நீதானே சொன்னே? தொட்டிச் செடிக்குன்னு நெனச்சேன்.

மகள்: ஐயோ, ஷாம்பூப்பா! சல்பேட் ஃப்ரீ ஷாம்பூ. சல்பேட் இல்லாத ஷாம்பூ.

அப்பா: இல்லாததை ஏன் காசு குடுத்து வாங்கணும்? இல்லாதது நம்ம வீட்லயே நெறைய இருக்கே.

மகள்: விளையாடாதீங்க. ஷாம்பூல நுரை வர்றதுக்காக சல்பேட் போடுவான். அது எண்ணெய்ப் பிசுக்கோட சேத்து முடில ஏத்தின கலரையும் இழுத்துட்டுப் போயிடுமாம். கலர் பண்ணுனவங்க அது இல்லாததாப் பாத்து வாங்கணும்.

அப்பா: என்ன வெலை?

மகள்: 250 மில்லி... 950 ரூபா.

அப்பா: சல்பேட் போட்டது?

மகள்: அது பொட்டிக்கடைல ரெண்டு ரூபா பாக்கெட்லயே தொங்கும்.

அப்பா: ஆக, போட்டா ரெண்டு ரூபா, போடலைன்னா 950. அப்ப போன சம்பாவுல ரெண்டு மா வயலுக்கு யூரியா கெடைக்காம நான் போடாம விட்டேனே, அதுக்கு எனக்கு எவ்வளவு வரணும்?

மகள்: அதுக்குப் பதிலா வேற ஒண்ணு, மைல்டா போட்டிருப்பான்ப்பா.

அப்பா: சரி, தலையக் காட்டு. நேத்து ராத்திரி வந்து எறங்குனதுலேந்து முண்டாசு கட்டிக்கிட்டே திரியுற.

(மகள் தலைத்துணியை அவிழ்க்கிறாள். அந்தத் துணி, காலையிலிருந்து கொடியில் காணவில்லை என்று அப்பா வீட்டையே ரெண்டாக்கிய பனியன். தேங்காய்ப்பூத் துண்டில் தலையைத் துவட்டினால் முடி உரசிச் சொரசொரத்துப் போகும், நைந்த பருத்திதான் நல்லது என்பது உண்மை. உலகத்திலேயே நைந்த பருத்தி அப்பாக்களின் பனியன்தான் என்பதும் உண்மை.)

அப்பா: அடக் கடவுளே. மேல கருப்பா இருக்கு, நுனி பூரா பழுத்துப்போச்சே.

மகள்: பழுக்கலை. இதுக்குப் பேரு பாலயாஜ்.

அப்பா: எந்தப் பாளையம்?

மகள்: பாலயாஜ். வேர்ப் பக்கம் கருப்பு, கீழ வர வர கேரமல் கலர்.

அப்பா: வயல்ல வந்தா இதுக்குப் பேரு புகையான், நெல்லுல சாறு உறிஞ்சுற பூச்சி. இதே மாதிரித்தான், நேத்து வரைக்கும் பச்சையா நிக்கும், காலைல போய்ப் பாத்தா திட்டுத்திட்டா தீஞ்சு போயிருக்கும். நாங்க மனு எழுதிக்கிட்டு நிவாரணத்துக்கு அலைவோம். நீ காசு குடுத்து வர வச்சிருக்க.

மகள்: அம்மா நல்லாருக்குன்னு சொன்னாங்க.

அப்பா: அவ வயலுக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு. எவ்வளவு ஆச்சு இதுக்கு?

மகள்: 7,800.

அப்பா: சன்ன ரகம் 2025-26 சீசன்ல குவிண்டால் 2,545 ரூபா. மூணு குவிண்டால் நெல்லத் தலைல சுமந்துக்கிட்டா பஸ்ல வந்த? கழுத்து வலிக்கல?

மகள்: சும்மா இல்லப்பா. ஷேடு கார்டுன்னு ஒரு அட்டை இருக்கும். வரிசையா முடி ஒட்டி நம்பர் போட்டிருப்பாங்க. என் முடியப் பக்கத்துல வச்சுப் பாத்து, ‘உங்களுக்கு நம்பர் 4’னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க.

அப்பா: அட, இலை வண்ண அட்டை! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? பட்டை பட்டையா பச்சை இருக்கும். இலையப் பக்கத்துல வச்சுப் பாக்கணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கு 4. அதுக்குக் கீழ வெளிறுனா யூரியா போடணும். வெயில் விழுவாம நம்ம ஒடம்பால மறைச்சுக்கிட்டுப் பாக்கணும், பத்து எலையாவது பாக்கணும். உனக்கு எத்தனை முடி பாத்தான்?

மகள்: ஒரு கத்தை எடுத்து வச்சுப் பாத்தாங்க.

அப்பா: வெளிச்சம்?

மகள்: லைட்டு எரிஞ்சுச்சு.

அப்பா: ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒரே ஒரு கத்தையப் பாத்து 7,800 ரூபாய்க்கு சிபாரிசு. கூட என்ன குடுத்தான்?

மகள்: கூடவா?

அப்பா: அவ்வளவு வாங்குனவன் சும்மா அனுப்பியிருக்க மாட்டான். கூட என்ன குடுத்தான்னு கேக்குறேன்.

மகள்: (பேச்சை மாற்றி) அதை விடுங்க. இங்க போர் தண்ணி எப்படி? சப்புன்னு இருக்குமா, உப்பா? உப்புத் தண்ணில கால்சியம், இரும்பெல்லாம் முடி மேல படிஞ்சுக்கும். கலர் செம்பட்டையாயிடும்.

அப்பா: தொட்டிய வந்து பாரு, உள்ளுக்குள்ள ஒரு கோட்டிங் காவியா நிக்குது. உங்க பார்லர்க்காரன் பாத்தா அதுக்கும் ஒரு பேரு வச்சுக் காசு கேப்பான்.

மகள்: அப்ப கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணி எடுத்துக்கிறேன். அதுவும் வாரத்துக்கு ரெண்டு தடவைதான் தலைக்குத் தண்ணி. நடுவுல காய விடணும்.

அப்பா: காய்ச்சலும் பாய்ச்சலும்.

மகள்: என்னது?

அப்பா: பாய்ச்சணும், காய விடணும், மறுபடி பாய்ச்சணும். சரியான முறைதான், தண்ணியும் மிச்சம். மேல சொல்லு.

மகள்: வெந்நி ஆகாது. வெதுவெதுப்பா, இல்லன்னா பச்சைத் தண்ணி. கலர் பண்ணி மூணு நாளைக்குத் தலைல சொட்டுத் தண்ணி படக் கூடாது.

அப்பா: மருந்தடிச்சுட்டு நாங்க வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி.

மகள்: ஆமா, அதேதான்! முடி மேல செதில் செதிலா இருக்கும்ப்பா, மீன் செதில் மாதிரி. கலர் போடுறப்ப அதைத் தூக்கிவிட்டுத்தான் உள்ள ஏத்துறாங்க. அது மறுபடி படியணும். ஷாம்பூவோட பிஹெச் 5, 5.5னு லேசா புளிப்பா இருந்தாத்தான் படிஞ்சு நிக்கும். காரம் கூடுச்சுன்னா தெறந்துக்கிட்டுக் கலர் வெளில வந்துடும்.

அப்பா: பிஹெச் எங்களுக்கும் உண்டு. மண்ணு பரிசோதனைல மொத வரியே அதான். 8.5க்கு மேல போச்சுன்னா களர்.

மகள்: ஆமா, கலர் போயிடும்.

அப்பா: போவாது, வந்துடும். 8.5 தாண்டுனா களர் வந்துடும்.

மகள்: இல்லப்பா, காரம் கூடுனா கலர் போயிடும்.

அப்பா: நாப்பது வருஷமா மண்ணோட கெடக்குறேன், என்கிட்டயே சொல்லுற. காரம் கூடுனாத்தான் களரே.

மகள்: கலர் நல்லதுதானேப்பா?

அப்பா: களர் நல்லதா? ஒரு புல்லு மொளைக்காது!

மகள்: முடி மொளைக்கிறதுக்கும் கலருக்கும் சம்பந்தமே இல்ல.

அப்பா: அதத்தான் நானும் சொல்றேன், களர்ல எதுவுமே மொளைக்காது. ஜிப்சம் அடிச்சு, தண்ணி கட்டி, வடிச்சு விடணும். பார்லர்ல ஜிப்சம் போட்டாங்களா?

மகள்: ...நீங்க எந்த ‘ள’ சொல்றீங்க?

அப்பா: மண்ணுல வர்ற ‘ள’.

மகள்: நான் தலைல வர்ற ‘ல’.

அப்பா: இப்ப உன் தலையும் என் மண்ணும் ஒண்ணுதான். சரி, வடிகாலை ஒழுங்கா வை. அது என்ன அங்க நீலமா ஒரு பாட்டில்?

மகள்: ப்ளூ ஷாம்பூ. நாளாக நாளாக பிரவுன் வெளுத்து ஆரஞ்சாத் தெரியும். இந்த நீலம் அதை அமுக்கிடும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டாப் போதும்.

அப்பா: சொட்டு நீலம்னு சொல்லு. என் வேட்டி பழுப்பேறுனா உங்க அம்மா அரை வாளித் தண்ணில நாலு சொட்டு விடுவா. இதே கணக்குதான். அதுக்கு யாரும் அவளை ஸ்டைலிஸ்ட்டுன்னு கூப்பிட்டதில்ல.

மகள்: அப்பா, உங்களுக்கு எல்லாமே நக்கல். நீங்க மட்டும் மீசைக்கு அடிக்கலையா? போன தையில கல்யாணத்துக்குப் போறேன்னு பாக்கெட் டையைக் கொழச்சு அடிச்சுட்டு, உதடு பணியாரம் மாதிரி வீங்கி, மொய் எழுதுற எடத்துல பேரு சொல்லக்கூட வாய் வரலையே. பாக்கெட்லயே போட்டிருக்கான்ல, 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னாடி தடவிப் பாக்கணும்னு?

அப்பா: மீசைக்குப் போடுறத காதுக்குப் பின்னாடி ஏன் தடவணும்? அங்க எனக்கு மீசை இல்லியே.

மகள்: அரிப்பு வருதான்னு பாக்கத்தான்!

அப்பா: அது எழுத்து பொடிசு. அதை விடு. அங்க கேக் பொட்டி மாதிரி ஒண்ணு வச்சிருக்கியே, அதத் தெற. கூட என்ன குடுத்தான்?

(மகள் திறக்கிறாள். பெட்டிக்குள் தங்கக் கலர் காகிதம் சரசரவென்று விரிகிறது. நாலு பாட்டில்.)

மகள்: ஷாம்பூ 950. இதுதான் தீந்துபோச்சு, அதான் உங்கள வாங்கச் சொன்னேன். கண்டிஷனர் 950. தலைக்குப் பூசுற மாஸ்க் 1,350. சீரம் 1,150. சீரம் எதுக்குன்னா, முடிய அயர்ன் பண்றதுக்கு முன்னாடி தடவணும். சூட்டையும் 180 டிகிரிக்கு மேல ஏத்தக் கூடாது. ப்ளூ ஷாம்பூ நானே தனியா வாங்குனது.

அப்பா: 4,400. இதை கலர் அடிக்கிறதுக்கு முன்னாடி சொன்னானா?

மகள்: இல்ல. பில் போடுறப்ப. ‘மேடம், இந்த நாலும் இல்லன்னா ரெண்டே வாரத்துல பூரா இறங்கிடும், அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது’ன்னாங்க.

அப்பா: நீ ஏன் வேணாம்னு வரல?

மகள்: 7,800 குடுத்தாச்சேப்பா.

அப்பா: (கொஞ்ச நேரம் பேசவில்லை) யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு. அதுவே மொதல்ல 50 கிலோவா இருந்துச்சு, 2018ல அஞ்சு கிலோவக் கொறச்சுட்டான். போய் நாலு மூட்டை கேட்டா, மூட்டை மேல கைய வச்சுக்கிட்டே, ‘அண்ணே, கூட நுண்ணூட்டம் ஒண்ணு எடுத்துக்கங்க’ம்பான். வேணாம்னா யூரியா ஸ்டாக் இல்லைம்பான். பின்னாடி கூரை முட்ட அட்டி போட்டிருக்கும். அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டே ஸ்டாக் இல்லைம்பான். கேட்டா, ‘எங்களுக்கே மேலேந்து இப்படித்தான் கட்டி விடுறாங்க’.

மகள்: நீங்க வாங்காம வர வேண்டியதுதானே?

அப்பா: வயல்ல பயிரு வெளிறிப்போய் நிக்குதே. இதையெல்லாம் நாத்தங்கால்ல இருக்கப்ப எவனும் கேக்க மாட்டான் பாப்பா. நட்டு முடிச்சப்புறந்தான் கேப்பான்.

(திண்ணை மூலையில் சாக்கு போட்டு மூடிய இடத்தை மகள் பார்க்கிறாள். சாக்கைத் தூக்குகிறாள். பாட்டில்களும் பொட்டலங்களும், மூடி திருகாதவை, பதினொன்று. அதில் ரெண்டு காலாவதியே ஆகிவிட்டன.)

மகள்: எல்லாமே கூடக் குடுத்ததா?

அப்பா: மூடு, உங்க அம்மா வர்றா.

மகள்: பதினொண்ணு இருக்கு!

அப்பா: உன்னுது நாலுதான். உனக்கு வயசு இருக்கு.

மகள்: இருங்க, இருங்க. இன்னிக்கு வாங்குன இந்த ரெண்டு கிலோ சல்பேட்டுக்குக் கூட என்ன குடுத்தான்?

அப்பா: ஒண்ணுமில்ல.

மகள்: பையக் காட்டுங்க.

அப்பா: ...சின்ன பாட்டில்தான். கடல்பாசிச் சத்தாம். தெளிச்சா பளபளன்னு ஆவுமாம்.

மகள்: கடல்பாசியா? (மாஸ்க் டப்பாவைத் திருப்பிப் படிக்கிறாள்) அப்பா... இதுலயும் கடல்பாசிச் சத்துதான் போட்டிருக்கு.

அப்பா: உன்னுது 1,350னு சொன்னே. என்னுது 380. அளவும் பெருசு.

மகள்: ரெண்டு பேரும் ஏமாந்திருக்கோம், இதுல அளவு ஒரு கேடா?

அப்பா: ஏமாந்தாலும் மொத்த வெலைல ஏமாறணும்.

மகள்: சரி, இந்த அம்மோனியம் சல்பேட்டையாவது நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. பிரிக்கவே இல்லையே, எடுத்துக்குவான்ல?

அப்பா: எடுத்துக்குவான். ஆனா சும்மா எடுத்துக்க மாட்டான். கூட எதையாவது குடுத்தாத்தான் எடுத்துக்குவேம்பான். அந்த நீல பாட்டில்ல எவ்வளவு மிச்சம் இருக்கு?

மகள்: அதத் தொடாதீங்க!