பாடுகிற ஆள் எங்கே போனார்?

அமேசான் காட்டு மக்கள் வைத்தியத்துக்குக் காய்ச்சும் அயாஹுவாஸ்கா என்கிற கஷாயத்தைப் பற்றி யூடியூபில் தேடினால் பெரும்பாலும் ஒரே கதைதான் வருகிறது. மனச்சோர்வோடு பெரு நாட்டுக்குப் போனேன், காட்டுக்குள் ஒரு கசப்புக் கஷாயம் கொடுத்தார்கள், ராத்திரி முழுக்க வாந்தி, அழுகை, காலையில் புது மனுஷனாக எழுந்தேன். பொய் என்று சொல்லமாட்டேன், பலருக்கு உண்மையிலேயே ஏதோ நடக்கிறது. ஆனால் அந்த ராத்திரி முழுக்க இருட்டில் உட்கார்ந்து பாடினாரே ஒருவர், அவரைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

அயாஹுவாஸ்கா கொடியை மரக்கட்டையால் அடித்து நார் நாராக்கி, சக்ருனா என்கிற செடியின் இலையோடு சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். காட்சிகளைக் காட்டும் டிஎம்டி என்கிற வேதிப்பொருள் இருப்பது இலையில். இலையை மட்டும் குடித்தால் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் இருக்கும் ஹார்மின் என்கிற பொருள் அந்த நொதியைத் தடுப்பதால்தான் அது மூளைவரை போகிறது. இதைக் கண்டுபிடித்ததே பெரிய அறிவு, சரி. ஆனால் பெருவின் உக்கயாலி ஆற்றங்கரையில் வாழும் ஷிபிபோ பழங்குடி வைத்தியர்களுக்குக் கஷாயம் என்பது பார்ப்பதற்கான வழி. குணப்படுத்துவது பாட்டு. இக்காரோ என்கிறார்கள்.

அமேசானின் பல சமூகங்களில் முன்பெல்லாம் குடித்தவர் வைத்தியர்தான், நோயாளி பல சமயம் குடிப்பதே இல்லை. வைத்தியர் குடித்துவிட்டு, நோய் உடம்பில் எங்கே இருக்கிறது, யாரால் வந்தது என்று பார்ப்பார். அப்புறம் நோயாளியின் எதிரே உட்கார்ந்து அவருக்கென்று பாடுவார், மபாச்சோ என்கிற காட்டுப் புகையிலையின் புகையை உச்சந்தலையிலும் கைகளிலும் ஊதுவார், சிலர் வலிக்கிற இடத்தில் வாய் வைத்து உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அம்பை வெளியே எடுத்துத் துப்புவார்கள். பொறாமை, செய்வினை, மரத்தையோ ஆற்றையோ கோபப்படுத்தியது, நோய்க்குக் காரணம் இப்படித்தான் வரும். நம்மூரில் இடுமருந்து எடுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது.

இன்று பெருவின் இகிட்டோஸ் நகரத்துப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்குக் கஷாயம் கொடுக்கும் மையங்களுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் நோயே வேறு: சிறுவயதுக் காயம், போரில் பட்ட அதிர்ச்சி, போதைப் பழக்கம். காரணம் தனக்குள்ளேயே இருக்கிறது, குடித்தால் அது வெளியே வரும் என்று நம்பி வருகிறார்கள். வாந்தி உடம்பைச் சுத்தம் செய்கிறது என்று உள்ளூர்க்காரர்களும் சொல்வார்கள்தான், ஆனால் வந்தவர்களுக்கு ஒவ்வொரு வாளியும் பழைய துயரம் இறங்கிய சாட்சி ஆகிவிடுகிறது. நம்பிக்கை மாறுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை, வைத்தியம் எங்கேயும் அப்படித்தான் மாறிவந்திருக்கிறது. பாட்டைப் பின்னணி இசையாக்கி, வெளிநாட்டில் சிலர் ஸ்பீக்கரில் பதிவை ஓடவிட்டே சடங்கு நடத்துகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தப் பாட்டு சும்மா வரவில்லை. உப்பு, சர்க்கரை, பன்றிக்கறி, மது, உடலுறவு எல்லாவற்றையும் விட்டு, மாதக்கணக்கில் தனியே இருந்து, ஒரு செடியின் சாற்றைக் குடித்து, அந்தச் செடியே பாட்டைச் சொல்லித்தரும் என்று காத்திருப்பார்கள். பல வருஷம் இப்படிப் பத்தியம் இருந்தவரைத்தான் ஊர் வைத்தியராக மதிக்கும். 2008இல் பெரு அரசு அயாஹுவாஸ்காவின் மரபான அறிவையும் பயன்பாட்டையும் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தபோதே, சூழலிலிருந்து பிய்த்தெடுத்த வணிகப் பயன்பாடு வேறு என்று பிரித்துச் சொன்னது. அது சரியான பிரிவினை.

ஆராய்ச்சியை நான் ஒதுக்கவில்லை. பிரேசிலின் நட்டால் நகரில் மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 29 பேரிடம் சோதித்தார்கள், ஒரே வாரத்தில் போலி மருந்து குடித்தவர்களைவிட அயாஹுவாஸ்கா குடித்தவர்களிடம் நல்ல முன்னேற்றம். நல்ல செய்தி, ஆனால் 29 பேர்தான், அதுவும் மருத்துவர்கள் கண்காணிப்பில்.

இங்கேயும் சிலர் போகலாமா என்று கேட்கிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் குடித்தால் செரோடோனின் அளவுக்கு மீறிப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம், அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. இதய நோய் இருந்தாலோ, குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தாலோ கிட்டவே போகாதீர்கள். இதெல்லாம் இல்லாதவர்கள், மையத்துக்காரர்களிடம் கஷாயம் எவ்வளவு வீரியம் என்று விசாரிக்கும் முன், பாடப்போவது யார், அவர் யாரிடம் கற்றார், எத்தனை வருஷம் பத்தியம் இருந்தார், நீங்கள் கட்டுகிற டாலரில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கே போகாதீர்கள்.