கரண்ட் போனால் மாயாவி என்ன செய்வார்?

எண்பதுகளின் கடைசியில், கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு ராத்திரி ஏழரைக்குக் கரண்ட் போகும். போனால் எட்டரைக்குத்தான் வரும். அம்மா அரிக்கேன் விளக்கை ஏற்றித் திண்ணையில் வைப்பாள். நானும் தங்கச்சியும் விளக்குக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்த காமிக்ஸைப் படிப்போம். படிப்போம் என்றால், நான் சத்தமாகப் படிப்பேன், அவள் எதிரே இருந்து படத்தைத் தலைகீழாகப் பார்ப்பாள். வாடகை நாலணா. மறுநாள் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் இன்னொரு நாலணா.

அன்றைக்கு இரும்புக்கை மாயாவி. வில்லனின் ஆட்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். மாயாவி சுவரிலிருக்கும் மின்சாரத்தில் இரும்பு விரலை வைக்கிறார். ஆள் மறைந்து கை மட்டும் நிற்கிறது. தங்கச்சி விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணே, அங்க கரண்ட் போயிருந்தா மாயாவி என்ன பண்ணியிருப்பாரு?"

"லண்டன்ல எல்லாம் கரண்ட் போகாதுடி" என்றேன். (போயிருக்கிறது. 1974 தொடக்கத்தில் பிரிட்டனில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கரண்ட் என்று வைத்திருந்தார்கள். நல்ல வேளையாக அதற்குள் மாயாவியின் தொடர் அங்கே முடிந்திருந்தது.)

அந்தக் கேள்வியை நான் அப்போது மதிக்கவில்லை. இப்போது சூப்பர் ஹீரோ படங்களை வரிசையாகப் பார்த்துச் சலித்த பிறகு, எனக்குத் தெரிந்த நல்ல காமிக்ஸ் விமர்சனம் அதுதான் என்று தோன்றுகிறது.

மாயாவியைத் தெரியாத தலைமுறைக்காகக் கொஞ்சம். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆங்கிலத்தில் 'தி ஸ்டீல் க்ளா'. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் வந்த தொடர். ஓவியர் ஹேசுஸ் ப்ளாஸ்கோ, ஸ்பெயின்காரர். கதாநாயகன் லூயிஸ் கிராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். ஏற்கெனவே ஒரு விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய, ஆள் மறைந்துவிடுகிறான், இரும்புக்கை மட்டும் மறையாது. கொஞ்ச நேரத்தில் மின்சாரத்தின் வீரியம் குறைந்ததும் உடம்பு திரும்பத் தெரிய ஆரம்பித்துவிடும். மறுபடி ஷாக் வேண்டும்.

இந்தக் கதாபாத்திரத்தின் மொத்த அழகும் அந்த மறையாத கையில்தான் இருக்கிறது. முழுசாக மறைகிற ஆளுக்கு என்ன கதை எழுத முடியும்? உள்ளே போவான், அடிப்பான், வெளியே வருவான். கை தெரிகிறவனுக்கு ஒவ்வொரு அறையும் ஒரு கணக்கு. கையை எதன் பின்னால் வைப்பது, மேஜையில் கிடக்கும் துப்பாக்கியை எடுத்தால் காவலாளி எந்தப் பக்கம் திரும்புவான், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி? 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று இந்தத் தலைப்புகளைச் சொன்னாலே ஐம்பது வயதுக்காரர்கள் முகம் மாறுவதைப் புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனசில் நிற்பது சக்தியா, அந்தச் சிக்கலா என்று கேட்டால் நான் சிக்கல் என்றுதான் சொல்வேன்.

ப்ளாஸ்கோ அதை வரைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பு மையை அள்ளிக் கொட்டிய ஓர் அறை. நடுவில் ஒரு கை. அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து பேச்சு பலூன் கிளம்பும். பலூனின் வால் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த வால் முடிகிற இடத்தில் வாய் இருக்கிறது, அப்படியானால் தோள் இங்கே, கால் அங்கே என்று ஆளை நாமே நிறுத்திக்கொள்வோம். என் தங்கச்சி தலைகீழாகப் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் விரல் வைத்து "இங்கதான் நிக்கிறாரு" என்பாள். சிவகாசியின் மட்டமான நியூஸ்பிரிண்ட்டில் அந்தக் கறுப்பு பின்பக்கம் வரை ஊறியிருக்கும். அடுத்த பக்கத்து வில்லன் முகத்தில் முந்தின பக்கத்துக் கையின் நிழல் விழுந்திருக்கும். இப்போது வழவழா தாளில் மறுபதிப்பு வருகிறது. வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த நிழல் இல்லை.

இன்னொரு விஷயம். மாயாவி ஆரம்பத்தில் நல்லவனே கிடையாது. சக்தி கிடைத்ததும் முதல் வேலையாகத் திருடப் போகிறான், நகரத்தையே மிரட்டுகிறான். அப்புறம்தான் திருந்தி, நிழற்படையில் சேர்ந்து ரகசிய ஏஜெண்ட் ஆகிறார். ('கிறான்' எப்போது 'கிறார்' ஆனது என்று எனக்கே தெரியவில்லை. வேலை கிடைத்தால் நம் ஊரில் மரியாதை தானாக வந்துவிடுகிறது.)

லயன் காமிக்ஸில் நாங்கள் பைத்தியமாக இருந்த ஸ்பைடரும் அதே ரகம். அமெரிக்க ஸ்பைடர் மேனை நினைத்துவிடாதீர்கள். இவர் கூர்மண்டையர். கூரான காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். லட்சியம் உலகத்தைக் காப்பாற்றுவது அல்ல, குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவது! கோமாளித்தனமான கதைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கர்வத்துக்கு எல்லையே இல்லை என்பதால், அந்தக் கர்வம் சறுக்குகிற இடத்துக்காகவே அடுத்த இதழை வாங்குவோம்.

இந்த ஸ்பைடரின் பல கதைகளை எழுதியவர் யார் என்று வெகு நாள் கழித்துத் தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர். 1938இல் சூப்பர்மேன் உரிமையை இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வழக்கு, மனக்கசப்பு. 1975இல்தான் ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் என்று ஓய்வூதியம் கிடைத்தது. இடையில் பிழைப்புக்காக அவர் எழுதியவற்றில் ஒன்று, பிரிட்டனின் ஒரு வார இதழுக்கு ஸ்பைடர். உலகத்தின் முதல் சூப்பர் ஹீரோவைக் கைநழுவ விட்டவர் எழுதிய திருடனை, கோவில்பட்டியில் நாலணா கொடுத்து நான் படித்திருக்கிறேன்.

சூப்பர்மேன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1938 சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. தாவுவார். ஒரு தாவலில் எட்டில் ஒரு மைல், அவ்வளவுதான். பறப்பது வானொலி நாடகமும் நாற்பதுகளின் கார்ட்டூன் படங்களும் வந்த பிறகு நிலைத்த விஷயம். திரும்பத் திரும்பத் தாவுகிற ஆளைக் கார்ட்டூனில் பார்த்தால் வெட்டுக்கிளி மாதிரி இருந்திருக்கும். அவருடைய பலவீனமான கிரிப்டோனைட் கல்லும் 1943இல் வானொலியில் வந்ததுதான், காமிக்ஸில் பிற்பாடு ஏறியது. ஆகவே 'மூலத்தைத் தொட்டாலே பாவம்' என்று குதிக்கும் ரசிகர் கூட்டத்தில் நான் இல்லை. பறக்க விட்டதும் தழுவல்தான், பறப்பவனைக் கீழே தள்ள ஒரு கல்லைக் கொடுத்ததும் தழுவல்தான். இரண்டாவதைச் செய்தவருக்குத்தான் என் ஓட்டு.

என் புகார் வேறு. பெரும்பாலான படங்கள் முதல் வேலையை மட்டும் செய்கின்றன. சக்தியை ஏற்றுவார்கள், உடையை ஏற்றுவார்கள், கடைசி நாற்பது நிமிடம் ஒரு நகரத்தை இடிப்பார்கள். போன மாதம் மகனோடு அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். படத்தின் பெயர் வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். இடைவேளைக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வந்ததற்கு வயது மட்டும் காரணமில்லை. எதையும் செய்ய முடிந்தவன் திரையில் ஏதோ செய்துகொண்டிருந்தான்.

மாயாவிக்கே இந்தக் கதி நேர்ந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில், அவருக்கும் சூப்பர் ஹீரோ பாணியில் உடம்பை ஒட்டிய ஓர் உடையை மாட்டிவிட்டார்கள். தொடரின் சப்பென்ற காலம் அதுதான். பிறகு கழற்றிவிட்டார்கள், தப்பித்தோம். நம் 'முகமூடி' 2012இல் வந்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஜீவா சும்மா சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவரை நன்றாகத்தான் இருந்தது, கவசத்தை மாட்டியதும் கதை மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

மலையாளத்து 'மின்னல் முரளி' (2021) அந்தத் தப்பைச் செய்யவில்லை. மின்னல் தாக்கிச் சக்தி பெறும் இருவரில் ஒருவன் தையல்காரன், இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்பவன். ஹீரோவின் உடைக்குக்கூட வேறெங்கும் போக வேண்டியதில்லை, அவனே தைத்துக்கொள்ளலாம். வில்லன் ஷிபுவாக நம் குரு சோமசுந்தரம். அந்த மனுஷனுக்கு வேண்டியது உலகம் அல்ல, உஷா என்ற ஒரே ஒரு பெண். அவ்வளவு சக்தி இருந்தும் ஊர் அவனை மனிதனாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் அழுகிற இடத்தில் நானும் அழுதேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். 'மாவீரன்' (2023) இன்னும் குறும்பு. ஹீரோவே பத்திரிகையில் சித்திரத் தொடர் வரைகிற பயந்தாங்கொள்ளி. அவனுக்குக் கிடைக்கிற சக்தி ஒரு குரல், அவ்வளவுதான். அதுவும் அவன் பேச்சைக் கேட்காத குரல். சிவகார்த்திகேயன் அடிக்கடி மேலே பார்த்து முழிக்கும் முழியில் இருக்கிறது படம்.

சரி, நாளிதழில் தினமும் வருகிற சித்திரத் தொடர்களிடம்தான் இந்தப் பாடத்தைச் சினிமாக்காரர்கள் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டம்தான் இடம். லயன் காமிக்ஸின் முதல் இதழ், 1984இல் வந்த, மாடஸ்டி பிளைசி என்ற சாகசக்காரியின் கதை. மூலம் லண்டன் நாளிதழில் 1963இலிருந்து தினமும் வந்த தொடர். எழுதியவர் பீட்டர் ஓ'டொனல், முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. நாம் படித்தது அந்தத் தினசரித் துண்டுகளை ஒட்டி அடுக்கிய புத்தகம். மாடஸ்டி கதை கையிலிருந்தால் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் யாராவது கதவைத் திறப்பார்கள், அல்லது திடுக்கிட்டுத் திரும்புவார்கள். நாலாவது கட்டத்தில் யாராவது, நேற்று நடந்ததைப் பேச்சுவாக்கில் ஒரு வரி சொல்வார்கள். தையல் தெரியும். ஒவ்வொரு நாளும் ஒரு குட்டி ஆபத்து, ஒரு குட்டி நினைவூட்டல். 2001 வரை முப்பத்தெட்டு வருடம் அந்தப் பெண்மணி இப்படியே ஓடினார். 1966இல் அவரைச் சினிமாவாக எடுத்தார்கள். ஓ'டொனலின் திரைக்கதையை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் அவருடைய சரக்கு அநேகமாக மிஞ்சவே இல்லை. அவர் சாமர்த்தியக்காரர், தன் திரைக்கதையைத் தானே நாவலாக்கிப் படத்துக்கு முன்பே வெளியிட்டுவிட்டார். நாவல்கள் வரிசையாக வந்தன. படத்தை இன்று யாரும் பேசுவதில்லை.

வேதாளருக்கும் 1996இல் அதே கதைதான். லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ஃபேன்டம், ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு அவர் முகமூடி வீரர் மாயாவி. (ஆமாம், நம் ஊரில் இரண்டு மாயாவி. சின்ன வயதில் இதற்காகவே சண்டை போட்டிருக்கிறோம்.) பாவம், படம் ஓடவில்லை. கேபிளில் பார்த்தேன். காமிக்ஸ் அச்சில் ஊதா உடை இயல்பாக இருந்தது, சினிமாக் காட்டில் அது துணிக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது.

தினத்தந்தி கன்னித்தீவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை. 1960இலிருந்து ஓடுகிறது, முடியவில்லை, முடிய வேண்டும் என்று டீக்கடையில் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

இதையெல்லாம் மகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "உங்க மாயாவியும் கடைசில ஜெயிக்கத்தானப்பா செய்றாரு? அப்புறம் என்ன வித்தியாசம்?" நியாயமான கேள்வி. மாயாவி தோற்ற கதை எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் தோற்றுவிடுவாரோ என்று பயந்த பக்கங்கள் எனக்கு இன்னும் எண் உட்பட நினைவிருக்கின்றன என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

'இரும்புக்கை மாயாவி' என்ற தலைப்பில் ஒரு கதை வைத்திருப்பதாக லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எப்போது எடுப்பார், யார் நடிப்பார் என்பதெல்லாம் அவர் பாடு. நேற்று ஓசூரில் இருக்கும் தங்கச்சிக்கு இதை வாட்ஸாப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "கரண்ட் கட் சீன் இருக்கா?"

அவளுக்காக அந்த ஒரு காட்சியை வைத்தால் போதும். வில்லன் மாடியில் இருக்கிறான், ஊர் முழுக்க இருட்டு, மாயாவி பிளக் பாயிண்டில் விரலை வைத்தபடி, தலை முதல் கால் வரை பளிச்சென்று தெரிந்துகொண்டு, இன்னொரு கையால் ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்கிறார். அங்கே யாரும் எடுக்கவில்லை.