காலடி படாத பச்சை

போன வாரம் லாவோஸில் எடுத்த ஒரு படத்தைப் போட்டிருந்தேன். அலை அலையாகப் புல்மேடு, நடுவே பெரிய பெரிய கல்ஜாடிகள், பின்னால் மேகம் படிந்த மலை. பாதிப் பேர் "சொர்க்கம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நண்பர் மட்டும் கொஞ்சம் நீட்டி, "மனுஷன் காலடி படாத இடம் போலிருக்கே, கொடுத்து வெச்சவன்யா நீ" என்றிருந்தார். அவருக்கு அங்கேயே பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி எழுதி, சரி தனிப்பதிவாகவே போட்டுவிடலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் வேன் கதை. லுவாங் பிரபாங்கிலிருந்து, அந்தக் கல்ஜாடிகள் இருக்கும் ஜாடிச் சமவெளிக்குப் பக்கத்து ஊரான போன்சவானுக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம். வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வரும். ஏழாம் எண் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் ஒதுங்குவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். பழக்க தோஷம், நான் மறைவு தேடிச் சரிவில் நாலு எட்டு இறங்கிவிட்டேன். ஓட்டுநர் போட்ட சத்தத்தில் வந்த காரியமே நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால், வண்டியில் வந்த ஆண்கள் அத்தனை பேரும் தார்ச்சாலையின் விளிம்பிலேயே வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தரும் மண்ணில் கால் வைக்கவில்லை. வெட்கத்துக்கு அங்கே இடமில்லை என்பது மேலே ஏறி வந்த பிறகுதான் உறைத்தது.

1964 முதல் 1973 வரை லாவோஸ் மேல் அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை குண்டு போடப் பறந்திருக்கின்றன. கணக்குப் போட்டால், ஒன்பது வருஷம், இரவு பகலாக, எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம். கொட்டியது 20 லட்சம் டன்னுக்கு மேல். இத்தனைக்கும் அந்த நாட்டோடு போர் அறிவிக்கவே இல்லை. தெற்கில், வியட்நாம் போருக்கு வட வியட்நாம் ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதையை அடைக்க வேண்டும், வடக்கில் பாதெட் லாவோ என்ற உள்நாட்டுக் கம்யூனிஸ்ட் படையை விரட்ட வேண்டும், அவ்வளவுதான் காரணம். வியட்நாமில் போட முடியாமல் மிஞ்சிய குண்டுகளைத் தாய்லாந்து தளத்துக்குத் திரும்பும் வழியில் இங்கே கொட்டிவிட்டுப் போனதும் உண்டு. இந்த ஒரு தகவலை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

இதில் பெரும் பாவம் கொத்துக்குண்டு. ஒரு பெரிய உறை நடுவானில் திறந்து, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான சின்ன குண்டுகளைச் சிதறடிக்கும். டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். லாவோஸ்காரர்கள் அதை 'பொம்பி' என்கிறார்கள், என்னமோ வீட்டு நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல. விழுந்தவை சுமார் 27 கோடி. அதில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்டதாகக் கணக்கு. போர் முடிந்த பிறகு மட்டும் இவற்றால் செத்தவர்களும் உறுப்பிழந்தவர்களும் 20,000 பேர். அதில் குழந்தைகள் நிறைய. உருண்டையாக ஒன்று கிடந்தால் குழந்தை எடுத்து விளையாடத்தானே செய்யும்?

இப்போது நண்பருடைய 'காலடி படாத' விஷயத்துக்கு வருகிறேன். அந்த மேட்டுநிலத்தில் புல்வெளி இயல்பாகவே உள்ளதுதான். எல்லாப் பச்சைக்கும் குண்டுதான் காரணம் என்று அளக்க மாட்டேன். ஆனால் தண்ணீர் பக்கத்திலேயே ஓடியும் உழாமல் கிடக்கும் சரிவுகளைப் பார்த்தேன். ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டதற்கு, வழிகாட்டியாக வந்த பையன் மண்வெட்டி போடுவது போலக் கையால் சைகை காட்டி, வாயால் "பூம்" என்றான். நமக்கு இயற்கை எழிலாகத் தெரிவது அங்கே ஒரு குடும்பத்துக்கு நட முடியாத நெல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'கன்னி நிலம்', 'தீண்டப்படாத அழகு' என்றெல்லாம் பயணப் பதிவுகளில் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அங்கே மனிதக் காலடி இருந்தது. அதை விரட்டினார்கள்.

'வழி தவறினால்தான் பயணம்' என்று டீ ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிறோமே, அதுவும் இங்கே செல்லாது. ஜாடிச் சமவெளியில் நடைபாதையின் இருபுறமும் தரையோடு தரையாகச் சின்னக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் மண்ணுக்குள்ளும் தேடிச் சுத்தம் செய்தது. சிவப்புப் பக்கம் அப்படியில்லை. ஜாடிகள் இரும்புக் காலத்தவை. இறந்தவர்களுக்கான ஈமச் சடங்கோடு தொடர்புடையவை என்கிறார்கள். ஊர்க்கதையில் அவை ஓர் அரக்க ராஜா வெற்றி விழாவுக்குச் சாராயம் காய்ச்சிய பானைகள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். ஜாடிகளுக்கு இடையிலேயே குண்டு விழுந்த பள்ளங்கள், புல் முளைத்து, கிண்ணம் போல உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வெளிநாட்டு ஜோடி அதற்குள் இறங்கி யோகா செய்வது போலப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலும் கேமராதானே இருந்தது.

நான் தங்கிய வீட்டில் அந்த அம்மா இரவில் குளிர்காய நெருப்பு மூட்டுவார். முற்றத்தில் ஒரே ஒரு இடம், கறுத்துப்போன அதே பழைய அடுப்புக்குழி. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இடத்தை மாற்ற மாட்டார்; நாங்கள்தான் புகைக்கு நகர்ந்து உட்கார வேண்டும். புது இடத்தில் தீ வைத்தால் அடியில் புதைந்து கிடப்பது சூடேறி வெடிக்கும் என்று அவர் மகள் சொன்னாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற போர், இன்றைக்கு எங்கே உலை வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

பான் நாப்பியா என்று ஒரு கிராமம். அங்கே போர்க்கால அலுமினியக் கழிவை உருக்கி, மரமும் சாம்பலும் சேர்ந்த அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். பயணிகளுக்காக வளையலும் உண்டு. வாங்கலாமா கூடாதா என்று எனக்குள் பெரிய பட்டிமன்றமே நடந்தது. வாங்கினால் இரும்பும் அலுமினியமும் தேடிக் காட்டைக் கிளறும் வேலைக்குத் தூபம் போட்டதாகும். அப்படிக் கிளறப்போய்ச் செத்தவர்கள் அநேகம். வாங்காவிட்டால் உலை முன் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு அன்றைய வரும்படி இல்லை. வளையலை விட்டுவிட்டு ஒரு கரண்டி வாங்கினேன். இது சரியான தீர்ப்பு என்று வாதாட மாட்டேன். இறகு மாதிரி கனமே இல்லை, சூடான சூப்பில் வைத்தால் காம்புவரை உடனே கொதிக்கிறது.

"அமெரிக்கா பாவி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவது சுலபம். கொத்துக்குண்டைத் தடை செய்யும் ஒப்பந்தம் 2008இல் வந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. இலங்கை 2018இல் சேர்ந்தது. நம்மவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்கே அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

போகாதீர்கள் என்று சொல்கிறேனா என்றால், இல்லை. தாராளமாகப் போங்கள். ஒரே நாளில் ஜாடியைப் பார்த்துவிட்டு ஓடாமல் போன்சவானில் நாலு நாள் தங்குங்கள், உள்ளூர் வழிகாட்டிக்குக் காசு கொடுங்கள், முவாங் கூன் என்ற ஊரில் கூரை போன கோவிலில் செங்கல் தூண்களுக்கு நடுவே வெயிலில் உட்கார்ந்திருக்கும் புத்தரைப் பாருங்கள். அப்புறம், ஒதுங்க வேண்டுமென்றால் தார்ச்சாலை விளிம்பு.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது கீழ் மூலையில் ஒரு கல் தெரியும். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. 'சொர்க்கம்' என்று நீங்கள் சொன்ன புல்மேடு முழுக்க அதன் சிவப்புப் பக்கம்.